ஐந்தாம் பாடத்தில் மாசிலாமணி

பாதுகாப்புப் பயிற்சியை முடிக்காதவர்கள் எங்கள் கட்டடத்திலிருந்து கீழே விழ முடியாது. பயிற்சி செல்போனில் ஐந்து பாடங்களாக வரும். உயரத்திலிருந்து விழுவதைப் பற்றியது கடைசிப் பாடம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சென்ட்ரிங் வேலை செய்யும் மாசிலாமணி ஏழாம் மாடி விளிம்பில் வழுக்கினார். நான்கு பாடங்கள்தான் முடித்திருந்தார். அதனால் ஆறாம் மாடி ஜன்னலுக்கு எட்டடி வெளியே, காற்றில் நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்த போனில் ஐந்தாம் பாடம் தானாக ஓடத் தொடங்கியது.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. கயிறு வீசச் சொன்னேன். பாடம் ஓடும்போது வேறெதையும் தொடக்கூடாது என்பதால், கயிறு அவர் விரல்வரை போய்த் திரும்பி வந்தது.

அவர் மனைவி பூங்கோதை அதே கட்டடத்தில் சித்தாள். கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஆறாம் மாடி ஜன்னலுக்கு வந்தாள்.

"பாடம் முடியப் போகுதா?" என்றாள்.

"இன்னும் ஒரு கேள்விதான்" என்றார் மாசிலாமணி.

"தப்பாப் போடு."

உயரத்தில் ஏறுமுன் எதை அணிய வேண்டும் என்பது கேள்வி. கைக்கடிகாரம் என்று போட்டார். பாடம் முதலிலிருந்து ஓடியது. நாற்பது நிமிடம் கிடைத்தது.

பூங்கோதை என்னிடம் திரும்பினாள். "இப்படியே எவ்வளவு நேரம் சார்?"

"ஆறு மணிவரை. அதுக்கப்புறம் எல்லாரும் முடிச்சதா தானாவே பதிவாயிடும். ஹெட் ஆபீசுக்கு நூறு சதவீதம் வேணும்."

மேஸ்திரி அந்தோணிசாமி கேள்வி எதுவும் கேட்கவில்லை. இருந்த ஆட்கள் எல்லோரையும் கூட்டி, தரையிலிருந்து சாரம் கட்டத் தொடங்கினார். கம்புகள் தீர்ந்ததும் பின்பக்கத்துச் சாரத்தைப் பிரித்தார்கள். மூன்று மணிக்கு மூன்றாம் மாடி வந்தது. மாசிலாமணி செருப்பு, குடை, மோதிரம் என்று தப்பான பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதை ஜன்னலை விட்டு நகரவில்லை.

"சரியான பதில் தெரியுமில்ல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பெல்ட். காலையில கேட்டேன். ஸ்டோர் பூட்டியிருந்துச்சு."

சாவி என் பையில்தான் இருந்தது. அன்று நான் தாமதமாக வந்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள், "கீழ போய்க் கம்பு தூக்குங்க சார்" என்றாள். தூக்கினேன். தோள் தோலுரிந்தது.

ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, அவர் பாதங்களுக்கு ஒரு சாண் கீழே அந்தோணிசாமி பலகையைக் கட்டினார். இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ம், விழு" என்றார்.

மாசிலாமணி சரியான பதிலைத் தொட்டார். ஒரு சாண் விழுந்தார். பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னலிலிருந்து பலகை போட்டுப் பூங்கோதை நடந்து போனாள். அவர் கணுக்காலைப் பற்றியவள், போனில் சான்றிதழ் வந்த பிறகும் விடவில்லை.

மறுநாள் காலை மாசிலாமணி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போனார். சற்று நேரம் கழித்து, முந்தின நாள் காற்றில் நிற்காமல் தரைவரை விழுந்த இன்னொரு மாசிலாமணியும் வந்தார். அவர் சட்டையெல்லாம் மண்ணாக இருந்தது. பெயருக்குக் கீழே இன்னொரு வரி போட்டுக் கொடுத்தேன். அவரைக் கம்பி வளைக்க அனுப்பினேன்.

மதியம் பூங்கோதை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சோறு பரிமாறினாள். மண் சட்டைக்காரருக்கு இரண்டாவது முறையும் குழம்பு ஊற்றினாள்.