ஆக்கத்தான்

பன்னிரண்டாம் நம்பர் மெஷின் முன்னால் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அருள்புரத்துப் பனியன் கம்பெனியின் நிட்டிங் ஹாலில் இருபத்து நான்கு மெஷின்கள் சுழன்றுகொண்டிருந்தன. விளக்குகளுக்குக் கீழே பறந்த பஞ்சு அவர் புருவத்திலும் காது மடலிலும் படிந்து, காலை ஒன்பது மணிக்கே பத்து வயதைக் கூட்டிக் காட்டியது. சட்டை மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதுகு வளையவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஹாலுக்குள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு மெஷினில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசிகள். அதில் ஒன்றின் கொக்கி ஒடிந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். கண்ணுக்குத் தெரிவதற்குள் மீட்டர் கணக்கில் ஓடிவிடும். மெஷினைப் பழுது பார்க்கும் மற்ற பிட்டர்கள் கோட்டைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். சென்னியப்பன் சத்தத்தைக் கேட்டு நிறுத்துவார். முதலில் மெஷின் கதவில் உள்ளங்கையை வைப்பார். "நில்லு கண்ணு" என்பார். பிறகுதான் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அந்த வரிசை ஒருநாளும் மாறாது.

"பிட்டர்ண்ணா, மெஷின்கிட்டக் கேட்டுட்டுத்தான் நிறுத்துவீங்களா?" என்றான் ஆபரேட்டர் ராஜ்கமல்.

"சுத்திக்கிட்டு இருக்கறதச் சொல்லாம கொள்ளாம நிறுத்தக்கூடாதப்பா."

பன்னிரண்டாம் நம்பரில் அவர் காட்டிய இடத்தில் ஒடிந்த ஊசி இருந்தது.

அந்த வாரம்தான் கேண்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். மஞ்சள் பல்பு ஒன்று, அதன் கீழே 'ஹேக்கத்தான்: சேர்ந்து யோசிப்போம், புதுசாய்ப் படைப்போம்' என்ற எழுத்து. சனி ஞாயிறு இரண்டு நாள். மூன்று பேர் கொண்ட குழு, அதில் ஒருவர் கட்டாயம் மெஷினில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும்.

செக்கிங் செக்‌ஷன் செல்லாத்தாள் தட்டைக் கழுவிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆக்கத்தானா? என்னத்த ஆக்கறாங்களாமா, சோறா?"

"ரெண்டு நாளு ஆக்குனா நெறையா ஆக்குவாங்க. தூக்குப்போசி கொண்டாந்துரு" என்றாள் பக்கத்தில் நின்ற கண்ணம்மாள். அதே செக்‌ஷனில் வேலை செய்யும் அவள் சென்னியப்பனின் மனைவி. அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு ஆக்கத்தான் என்றே பெயர் நின்றது.

சென்னியப்பனைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். ஜனனி, குவாலிட்டி ஆபீஸில் இருக்கும் பல்லடத்துப் பெண். இளங்குமரன், கம்ப்யூட்டர் செக்‌ஷன், தெற்கே கோவில்பட்டிக்காரன்.

"அய்யா, நீங்க கேக்கிற சத்தத்தை ஒரு பெட்டிக்குச் சொல்லிக் குடுக்கப் போறோம்" என்றான் இளங்குமரன். "நீங்க சும்மா எப்பவும்போல வேலை பாருங்க, போதும்."

"பெட்டி கத்துக்கிட்டா நானு?"

"உங்களுக்கு ஒத்தாசைக்குத்தானுங்க அய்யா" என்றாள் ஜனனி. "சத்தத்தக் கேட்டுப் புடிக்கறது நீங்க ஒருத்தருதான், இருபத்து நாலு மெஷினுக்கும் ஓடோணுமில்லீங்க. டீமுக்கு உங்க பேரையே வெச்சுரலாமுங்க."

அது சென்னிமலை முருகனின் பெயர். சோமனூரில் தறி ஓட்டிய அவருடைய தாத்தாவின் பெயர். தாத்தா நெய்த துணியையும் அவர் ஓட்டிய துணியையும் யாரும் குறை சொல்லித் திருப்பியதில்லை. கண்ணம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத் திருப்பிக் காட்டுவாள்.

"பேருக்குப் பங்கம் வராமப் பாத்துக்கோ கண்ணு" என்றார்.

சனிக்கிழமை அவருடைய காலரில் ஒரு மைக்கைக் குத்தினார்கள். கொக்கி ஒடிந்த ஊசிகளை வேண்டுமென்றே மெஷினில் மாட்டி ஓட விட்டார்கள். சத்தம் மாறியதும் கையிலிருந்த பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் பொத்தானை மறந்து மறந்து போனார். கை தானாகக் கதவுக்குப் போனது. வாய் தானாக "நில்லு கண்ணு" என்றது.

"பரவால்லய்யா" என்றான் இளங்குமரன். "நீங்க சொல்றதையே அடையாளமா வெச்சுக்கிடுறோம்."

சொல்லிச் சொல்லி அன்று சாயங்காலம் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, தீப்பெட்டிகள் நான்கை அடுக்கிய அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை ஏழாம் நம்பர் மெஷினில் ஒட்டினார்கள். அதில் பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. சென்னியப்பன் ஓரமாக நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நில்லு கண்ணு" என்று அவர் குரல் கேட்டது.

மெஷின் நின்றது. ராஜ்கமல் திரும்பிப் பார்த்தான். சென்னியப்பனின் உதட்டில் டம்ளர் இருந்தது. ஜனனி கை தட்டினாள். கொக்கியில்லாத ஊசி அதன் இடத்தில் இருந்தது.

"ஏனப்பா, என்ற குரல எதுக்கு அதுல வெச்சீங்க?"

"ஆபரேட்டருங்க அதைக் கேட்டுத்தானய்யா பழகியிருக்காங்க" என்றான் இளங்குமரன்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். முதலாளி திருமூர்த்தி மேடையில் சென்னியப்பனின் தோளில் கை போட்டு, "இவருதானுங்க நம்ம கம்பெனியோட காது" என்றார். கேடயத்தில் 'சென்னியப்பன்' என்று குழுவின் பெயர் வெட்டியிருந்தது. கண்ணம்மாள் அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டிட்டாள்.

ஒரு மாதத்தில் இருபத்து நான்கு மெஷின்களுக்கும் பெட்டி வந்தது. எல்லாப் பெட்டிகளையும் ஏதாவது ஓர் ஆளின் நம்பரில் பதிந்தால்தான் கம்பெனி கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும் என்று ஜனனி வந்து கேட்டாள். அவர் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அவருடைய நம்பர் முப்பத்தொன்று நாற்பது. அவள் எழுதிக்கொண்டு போனாள்.

மற்ற மூன்று பிட்டர்களை ஒவ்வொருவராக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சென்னியப்பன் மட்டும் மிஞ்சினார். ஆனால் அவர் போய்ச் சேருவதற்குள் மெஷின் நின்றிருந்தது. மூன்றாம் நம்பரில் சத்தம் மாறுவதைக் கேட்டு நடந்தால், பாதி வழியில் அவர் குரல் அங்கே பேசிவிடும். திரும்பினால், கடைசி வரிசையில் இன்னொரு முறை கேட்கும். தனக்கு முன்னால் தானே போய்ப் போய் வேலையை முடித்துவைப்பதுபோல் இருந்தது. டீ குடிக்க வெளியே போனாலும் உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பெட்டிக்கு ஹாலில் அவர் பெயரே வழங்கியது. "சென்னியப்பனுக்குள்ள பஞ்சு அடைச்சிருக்குது பாரு." "ஏய், சென்னியப்பனத் தொடச்சு வை." "பதினாறாம் நம்பர் சென்னியப்பன் செத்துருச்சு, வேற மாத்தோணும்." அவரைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். முதுகு திரும்பியதும் தொடரும்.

ஒருநாள் பழக்கத்தில் அவர் ஒன்பதாம் நம்பரில் கையை வைத்து, "நில்லு கண்ணு" என்றார். ஒன்பது நின்றது. எட்டும் பத்தும் பதினொன்றும் சேர்ந்து நின்றன. ஹாலின் அந்த மூலையில் விழுந்த அமைதியில் பஞ்சு இறங்குவது தெரிந்தது.

இளங்குமரன் வந்து லேப்டாப்பை வெகுநேரம் பார்த்தான். "ஊசிச் சத்தத்தோட உங்க குரலையும் சேத்துப் படிச்சிருக்குய்யா. நாங்க செஞ்ச தப்புதான். நீங்க பேசினா ஊசி ஒடிஞ்சதுன்னு நெனைக்குது."

"பொட்டி பேசறப்ப மத்த பொட்டி நிக்கறதில்லையே."

"அது ஒரே பதிவுங்கய்யா, கழிச்சுவிட்டுடலாம். உசுரோட நீங்க பேசறதுதான் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கு."

எச்.ஆர். மேடம் சண்முகப்பிரியா அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அவர் நின்றுகொண்டே இருக்க, அவள் சொன்னாள்: "நீங்க கம்பெனிக்கு எவ்வளவு பெரிய சொத்துன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. சரி பண்ற வரைக்கும் ஹாலுக்குள்ள மட்டும் பேசாம இருந்தீங்கன்னா போதுமுங்க."

அவர் பேசாமல் இருந்தார். பன்னிரண்டு நாள். ராஜ்கமல் எதையாவது கேட்டால் தலையை ஆட்டினார். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கண்ணம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, "ஏனுங்க, இங்க எந்தப் பொட்டியும் இல்லீங்களே" என்றாள். அவர் ரசத்துக்குக் கையை நீட்டினார்.

பதின்மூன்றாம் நாள் காலையில் ஏழாம் நம்பரில் சத்தம் மாறியது. மெல்லியது. தொண்டையில் மயிர் சிக்கினதுபோல. அவர் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. அது ஒன்றும் சொல்லவில்லை. ராஜ்கமலைக் காணோம், நூல் கோன் எடுக்கப் போயிருந்தான். துணி உருளையில் சுற்றிக்கொண்டே இருந்தது. சென்னியப்பன் சிவப்புப் பொத்தானுக்குக் கை நீட்டினார். பெட்டிகள் வந்தபின் அந்தப் பொத்தானுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சூப்பர்வைசரிடம் கொடுத்திருந்தார்கள். ஹாலின் அந்தக் கோடியில் இருந்த சூப்பர்வைசரைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். அவன் சிரித்துத் தானும் கையை ஆட்டினான்.

அவர் உள்ளங்கையைக் கதவில் வைத்தார்.

"நில்லு கண்ணு."

ஏழு மெஷின்கள் நின்றன.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "என்னுங்க இது, சொல்லிச் சொல்லியும் பேசறீங்க. ஷிப்மென்ட் நாளுங்க இன்னைக்கு."

"ஊசி போயிருச்சு. கதவத் திற, காட்டறேன்."

"சென்னியப்பன் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றான் அவன், பெட்டியைக் காட்டி.

கதவைத் திறக்கவில்லை. நின்ற ஏழு மெஷின்களையும் மறுபடி ஓட்டிவிட்டார்கள். சென்னியப்பனை முழங்கையில் பிடித்துப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். சரிசெய்து முடித்ததும் போன் பண்ணுவதாக மேடம் சொல்லியனுப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் கண்ணம்மாள் வேலை விட்டு வந்து, முகம் கழுவாமல், தலையில் பஞ்சோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

"அந்த ஏழாம் நம்பர் ரோலு எல்லாம் எங்க மேசைக்குத்தானுங்க வந்துச்சு. முச்சூடும் கோடு."

அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் பக்கத்தில் வைத்தார்.

"தப்பு யாருதுன்னு பேரச் சொன்னாத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்களாமா. துண்டுச் சீட்டுல உங்க பேருதானுங்க போட்டிருக்குது. நானு சீட்டத் திருப்பிக் காட்டுனேன். கம்ப்யூட்டர்ல ஏத்தற பையன், 'வாயில சொல்லுங்கக்கா, கையில வேற வேலை இருக்கு'ங்கறான். செல்லாத்தாளச் சொல்லச் சொல்லலாம்னு பாத்தா, அவ இன்னைக்கு லீவு." புடவை முந்தானையை விரலில் சுற்றினாள். "சொல்லிப்போட்டனுங்க. முப்பத்தாறு வருசத்துல சொல்லாத பேரு. சென்னியப்பன் தப்புன்னு சொன்னேன். ஒரு தடவ இல்லீங்க. பதினோரு ரோலு."

சென்னியப்பன் எழுந்து உள்ளே போனார். முருகன் படத்துக்குப் பக்கத்திலிருந்த கேடயத்தை எடுத்தார். அதிலிருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்தார்.

மறுநாள் காலை எட்டரைக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, கேடயத்தைத் துணிப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்றார். பெண்கள் கூட்டம் அட்டையைக் காட்டிக் காட்டி உள்ளே போனது. கேட்டிலிருந்த கருவியில் அவர் அட்டையை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

வாட்ச்மேன் சண்முகவேல் திரையை எட்டிப் பார்த்தான். "வேலைக்குங்களா?"

"வேல கேக்க வரலீப்பா. என்ற பேரத் திருப்பி வாங்கிட்டுப் போயிர்றேன். மேடத்தப் பாக்கோணும்."

"கோச்சுக்காதீங்க. பொட்டிகளப் பதிஞ்ச உங்க நம்பரு உள்ள இருக்கறதாக் காட்டுதுங்க. ரெண்டு மாசமா அப்படித்தான் காட்டுது. நானுதான் தெனமும் கையால தொறந்து விட்டுட்டு இருந்தேன். இனி அப்படிச் செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பகல் ஷிப்டு, நைட் ஷிப்டு, எதுலயும் வெளிய வராத ஆளு இந்தக் கம்பெனில நீங்க ஒருத்தருதானுங்க."

"நான் இங்க நிக்கறேனே சண்முகவேலு."

"எனக்குத் தெரியுதுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியோணுமில்லீங்க. உள்ள இருக்கறவரு வெளிய வந்தாத்தான் இன்னொருக்கா உள்ள உடும்."

"போன் பண்ணிக் கேளு."

"பண்ணிட்டனுங்க. மேடம் கூட்டத்துல இருக்கறாங்க. அடுத்த ஆக்கத்தானுக்கு ஆளு பிரிக்கறாங்களாமா."

கடைசியாக வந்த கண்ணம்மாள் அட்டையை வைத்தாள். பச்சை எரிந்தது. அவள் அவரைப் பார்த்துத் தயங்கி நின்றாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. சண்முகவேல், "போங்கக்கா, போங்க" என்றான். அவள் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாக நகர்ந்து சாத்தத் தொடங்கியது.

சென்னியப்பன் ஓரடி முன்னால் வைத்தார். நகர்கிற இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. ஹாலின் பஞ்சு வெளியேற்றும் மின்விசிறி வழியாக, நிதானமாக, கொஞ்சம் தொண்டை கட்டிய அவர் குரல் வந்தது.

"நில்லு கண்ணு."

கதவு நகர்ந்து மூடிக்கொண்டது. சென்னியப்பன் நின்றார்.