வாசித்துக் காட்டிய மனு

காலில் இருந்த புண்ணுக்கு மருந்து போட மூன்று மாதமாக வந்துபோன நர்ஸிடம்தான் பெரியவர் வாய் திறந்தார். அதுவும் மகன் போன் பேச வெளியே போன ஐந்து நிமிஷத்தில். அவரைக் கட்டில் கம்பியோடு கட்டிப்போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் மகன் வேலைக்குப் போகிறானாம். முழுக்கைச் சட்டையை விலக்கிக் காட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்டதுபோல் தழும்பு. "நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாம்மா."

நர்ஸ் அன்றே மனுவாக எழுதிக்கொடுத்தாள். டாக்டர், சமூகநல அதிகாரி, வக்கீல், போலீஸ்காரர் என்று எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அடேயப்பா, அதுவே பெரிய அதிசயம்! போலீஸ்காரர் மகனை வாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் மற்றவர்கள் பெரியவரைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர் ஆமென்றால் கையோடு ஆஸ்பத்திரிக்கு. படுக்கைகூடத் தயார்.

போகிற அன்று அந்தப் போலீஸ்காரருக்கு வேறு டியூட்டி. பதிலுக்கு வந்தவர் கையில் மனு மட்டும்தான் இருந்தது. ஏற்பாட்டை அவருக்கு அதிகாரி சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைத்தார், டாக்டர் சொல்லியிருப்பார் என்று அதிகாரி நினைத்தார். நர்ஸ் இரண்டு பேரையும் நம்பினாள். நல்ல கூத்து!

"வாங்க வாங்க, என்ன இத்தனை பேர்?" என்று கதவைத் திறந்த மகன், போய்க் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டான்.

புதிய போலீஸ்காரர் ஒழுங்கான மனுஷர். மனுவை வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டார். "தங்கள் மகன் தங்களைக் கட்டிப்போடுவதாக நர்ஸிடம் தாங்கள் கூறியபடி..." என்று கணீரென்று ஆரம்பித்தார்.

"சார், சார், கொஞ்சம் நிறுத்துங்க!" நர்ஸ் பதறினாள். எல்லாம் போச்சு.

மகன் சிரித்தபடியே குனிந்தான். "அப்படியாப்பா சொன்னீங்க?"

பெரியவர் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலையே."

"கையைப் பாருங்க டாக்டர்!" என்றாள் நர்ஸ்.

"தூக்கத்துல கம்பியில இடிச்சுக்கிறார்" என்றான் மகன். டாக்டர் பார்த்தார். கட்டிப்போட்டதால்தான் வந்த தழும்பு என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. "சுயபுத்தியோட வேண்டாங்கிறார். கட்டாயப்படுத்த முடியாதும்மா" என்றார் வக்கீல். அவரவர் தாளில் அவரவர் கையெழுத்துப் போட்டார்கள்.

மகன் வாசல்வரை வந்து வழியனுப்பினான். "இனிமே மருந்து நானே போட்டுக்கறேன் சிஸ்டர். நீங்க சிரமப்படாதீங்க."

நர்ஸ் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மகன் இன்னும் வாசலில்தான் நின்றான். அதற்குள் பெரியவர் இரண்டு கையையும் சேர்த்து, தானாகவே கட்டில் கம்பியோரம் வைத்துக்கொண்டிருந்தார்.