நல்லுசாமி பெயருக்குப் போன கார்டு

1

இந்தக் கதை நான் சிரித்த சிரிப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1962 மாசியில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் ராமுத்தாய்க்குப் பின்னால் நின்றிருந்தேன். திண்டுக்கல் பக்கம் பூ பயிரிடும் வீட்டுப் பெண். மார்பில் கட்டி. அதில் ஒரு துணுக்கைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள்.

"புருஷன் பேரு?" என்றார் எழுத்தர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்தவர்கள்தான் சொல்வது வழக்கம். அவளோ தனியாக வந்திருந்தாள்.

"நல்லுசாமின்னு எழுதிக்கங்கய்யா. எங்கண்ணன்." *

"எந்த ஊரு?"

"அவரு குஜிலியம்பாறை."

"சரி, முடிவு கார்டுல வரும்."

நான் சிரித்தேன். ஒரு வேடிக்கைக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

(* பெஞ்சில் இருந்தபோது அவளே சொன்னது: தன் மகன் காதுகுத்துக்கு முறையாக வந்து அழைக்கவில்லை என்று எட்டு வருசமாக அண்ணன் அவள் வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் கேட்டவுடன் வாயில் வந்தது அவர் பெயர்தான்.)

2

முதல் தொடக்கம்: "கணவன் பெயரை உச்சரிக்காத உத்தமி ஒருத்தி..." (அடித்துவிட்டேன். அசட்டுத்தனம்.)

இரண்டாவது: "அப்படியானால் கார்டு யார் வீட்டுக்குப் போகும்?"

நான் ஊர் திரும்பிய பஸ் சின்னாளப்பட்டியைத் தாண்டும்போதுதான் இது எனக்கே உறைத்தது. அவள் ஊரை நான் கேட்டுவைக்கவில்லை. நல்லுசாமிக்காவது ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். நானோ கதை எழுத உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

3

இனி எல்லாம் கற்பனை.

தபால்காரர் பாக்கியராஜ் கார்டைப் படித்துக் காட்டுகிறார். ராமுத்தாயின் கட்டி சந்தேகப்படும்படி இருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் மறுபடி வரவும்.

"இன்னைக்கு என்ன தேதி?"

"பன்னெண்டு."

நல்லுசாமி கார்டைக் கூரையில் செருகிவிட்டு... இல்லை. கோபக்காரர்தான், கல்மனசுக்காரர் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

4

ராமுத்தாய் பூக்கட்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணனைக் கண்டதும் மடியில் இருந்ததெல்லாம் சிதற எழுகிறாள்.

"வாண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"ஆமாத்தா."

"செத்த நேரம் உக்காரு. வெஞ்சனம் ஆயிருச்சு, சோறு மட்டுந்தான் வடிக்கணும்."

கோபம் தீர்ந்து வந்திருக்கிறார் என்று நினைக்கிறாள். இலை போட்டு, அள்ளி அள்ளி வைக்கிறாள். எட்டு வருசப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசுகிறாள். போதும் என்று சொல்ல மனம் வராமல் அவர் தின்றுகொண்டே இருக்கிறார். கார்டு சட்டைப்பையில் இருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். "தாயி, ஆஸ்பத்திரியில இருந்து..." அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள். அவர் கைகழுவ அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள்.