பயிற்சிக்கு மட்டும்

வகுப்பில் அவளுக்குக் கமா என்று பெயர். முப்பத்திரண்டு வயதில், கூரியர் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, தொடர்பியலும் ஊடகமும் முதுகலை படிக்க வந்தவள். எழுதினால் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் ஒரு காற்புள்ளி வைப்பாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கமாக்கா, கமாக்கா என்று கூப்பிட்டே சொந்தப் பெயரை மறக்கடித்துவிட்டார்கள்.

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணனுக்கு ஐஸ் தொழிற்சாலையில் இயந்திர அறை வேலை. அண்ணி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும், "நீ படி, பாத்திரத்த நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு வருஷமாக நாத்தனாரைச் சமையலறைப் பக்கமே விடாதவள். எத்தனை வீட்டில் நடக்கும் இது? கமா வாங்கிய மதிப்பெண்ணில் பாதி அண்ணியுடையது.

கடைசிப் பருவத்தின் கடைசி வேலை நெருக்கடிக் கால அறிவிப்பு. ஒரு விபத்தைக் கற்பனை செய்துகொண்டு, நகர நலவாழ்வுத் துறை மக்களுக்கு விடுகிற மாதிரி எழுத வேண்டும். பேராசிரியர் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று இருக்க வேண்டும். அதிகம் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, புரிகிறதா என்று கேட்டுக் குறிக்கவும் வேண்டும்.

கமா எடுத்த விபத்து என்ன தெரியுமா? உலகத்தில் வேறு விபத்தே இல்லாத மாதிரி, ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிவு! அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் வால்வு, குழாய், அழுத்தம் என்று பேசிப் பேசி அவளுக்கு எல்லாம் அத்துப்படி. தொழிற்சாலையின் பெயரை மட்டும் போடவில்லை. பெயர் போடாவிட்டால் என்ன, ஊரில் இருப்பதே ஒன்றுதானே? மெத்தப் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம். நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். கணினிக் கூடத்தில் உட்கார்ந்தபடியே எழுதியதை முழுக்க நகலெடுத்து, செய்தியாக ஒட்டி அண்ணிக்கு அனுப்பினாள். அடுத்த செய்தியாக, "படிச்சுட்டு உடனே சொல்லுங்க அண்ணி, புரியுதா?" என்று ஒரு வரி. நகலெடுத்தால் பக்கத்தின் உடல்தான் வரும், தலைப்பகுதி வராது. இதை இரண்டு வருஷம் இதே வேலையாக இருந்தவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? காலையிலேயே அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவைக்கத்தான் நினைத்தாள். பேருந்து வந்துவிட்டது, ஓடிவிட்டாள்.

இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. "புரிஞ்சிருச்சு."

கமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்காரி இரண்டு நிமிஷத்தில் புரிந்துகொண்டாள் என்றால் சும்மாவா! படிவத்தில் "வாசகர் சோதனை: முழு வெற்றி" என்று எழுதினாள்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஊர்ச் செய்தியெல்லாம் தன் வாயால்தான் வெளியே வர வேண்டும் என்று அலைகிற ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். லைவ் என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"கமாக்கா! ஐஸ் பேக்டரில கேஸ் லீக்காம்! உங்க அண்ணன் அங்கதானே?"

கமா அவன் கைப்பேசியைப் பிடுங்கிப் படித்தாள். 'அம்மோனியா, குழாயிலிருந்து, திடீரென, கசிந்ததில், தொழிலாளர் இருவர், கவலைக்கிடமான நிலையில், உள்ளனர்.' உலகத்தில் வேறு எவளும் அந்த இடங்களில் காற்புள்ளி வைக்க மாட்டாள். 'நிலைமை, தற்போது, கட்டுக்குள் உள்ளது. யாரும், பதற வேண்டாம்.'

"இது நான் எழுதினதுடா" என்றாள்.

அண்ணிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டுப் பிரயோஜனம் இல்லை. வேலை நேரத்தில் எல்லார் கைப்பேசியும் வாயிற்காவலரின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அண்ணியும் அண்ணனுக்குத்தான் போட்டுப் பார்த்திருப்பாள். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். பிறகு தொழிலாளர் வீட்டுப் பெண்களின் குழுவுக்கு அதை அப்படியே தள்ளிவிட்டுப் போட்டது போட்டபடி ஓடியிருப்பாள். வேறென்ன செய்வாள் பாவம்?

பேராசிரியர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துறைத் தலைவர் உட்காரவில்லை.

"நலவாழ்வுத் துறைகிட்ட பேசிட்டேன். அவங்க மறுப்பு விடறாங்க. விஷமிகள் பரப்பின வதந்தின்னு வரும். நம்ம பேரு எங்கயும் வரக்கூடாது. நீ வாயத் தொறக்காதே. அடுத்த மாசம் அங்கதான் வேலைக்குச் சேரப் போற, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்தத் துறையின் செய்திப் பிரிவில்தான் அவளை எடுத்திருந்தார்கள், நானூறு பேரில் ஒருத்தியாக. அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். விஷமிகள் என்று போட்டால் யாருக்கும் தெரியாது, கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் போய்விடலாம் என்று நினைத்தாள். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் முழுக்க அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அண்ணி போனை எடுக்கவில்லையே.

லைவின் வண்டியில் ஏறிப் போனாள்.

வாயிலில் இருநூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் அண்ணி, கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. காலில் செருப்பில்லை. வாயிற்காவலர் உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு! யாரும் பதறாதீங்க!"

"அதேதான் இதுலயும் போட்டிருக்கு!" என்று ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மறுப்பும் வந்து சேர்ந்தது. விஷமிகள் பரப்பும் வதந்தியை நம்ப வேண்டாமாம்.

"பாத்தீங்களா! நம்பாதேன்னு எப்பச் சொல்றானோ அப்பவே நடந்திருச்சுன்னு அர்த்தம்!"

"நெருப்பில்லாமப் பொகையுமா?"

கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. கதவு உள்பக்கமாக வளைந்தது. கதவுக்குப் பின்னால் பத்தடியில் சுவரோரமாகக் குழாய்கள் ஓடின. கமா காவலர் அறையின் சன்னலுக்கு ஓடினாள். உள்ளே மேலாளர் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"சார், இயந்திர அறையில இருக்கவங்களக் கூட்டிட்டு வந்து காட்டுங்க சார்!"

"மெஷின அப்படியே விட்டுட்டு வர முடியாதும்மா. முறையா நிறுத்தச் சொல்லிட்டேன், இருபது நிமிஷமாகும். அதுக்குள்ள இவங்க உள்ள பூந்து அந்தக் குழாய மிதிச்சா, எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அது நெசமாயிடும்!"

அவள் சன்னல் வழியாகக் கை நீட்டி ஒலிபெருக்கியை வாங்கினாள். வெளியே கிடந்த காவலரின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அது எழுதினது நான்! நான் காலேஜ்ல படிக்கறேன். பரீட்சைக்கு எழுதின கற்பனை அது. உள்ள ஒண்ணும் ஆகல!"

"எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்று ஒரு ஆள் கத்தினான். "எறங்குடி கீழ!"

ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவள் தோளில் பட்டு விழுந்தது. கதவின் கீல் கிரீச்சிட்டது. இனி என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. நம்புகிற மாதிரிச் சொல்லக்கூடியவள் அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

"அண்ணி!" ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிவிட்டுக் கத்தினாள். "அண்ணி, இங்க பாருங்க! உங்களுக்கு அனுப்பினது யாரு? நான்தானே? எனக்கு வேற யாரும் அனுப்பல அண்ணி. நானே உக்காந்து எழுதினேன். மார்க்குக்கு எழுதினேன்!"

அண்ணி திரும்பினாள். பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. சுற்றி இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் அண்ணி. "இவ என் நாத்தனா. இவதான் எனக்கு அனுப்பினா. உங்க எல்லாருக்கும் அனுப்பினது நான்."

வசவு ஆரம்பித்தது. காது கூசுகிற வசவு. ஆனால் தள்ளுவது நின்றுவிட்டது. திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டதே. யாரோ படம் பிடித்தார்கள். கால் மணி நேரத்தில் துறைத் தலைவர் கூப்பிட்டார். வேலை இல்லையாம். பட்டம் என்னாகும் என்று குழு கூடித்தான் சொல்லுமாம். கமா "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி இருபது நிமிஷத்தில் இயந்திர அறை ஆட்கள் வந்தார்கள். அண்ணன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, "என்னடி இது கூட்டம்?" என்றான். அண்ணி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். தொடவில்லை, அழவுமில்லை. நேராகக் கமாவிடம் வந்தாள். அடிப்பாள் என்று கமா நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அதுல ரெண்டு பேரு கவலைக்கிடம்னு போட்டிருந்தியே. யாரு ரெண்டு பேர நெனச்சு எழுதின?"

"யாரையும் நெனைக்கல அண்ணி. ஒண்ணுன்னா செய்தி சின்னதாத் தெரிஞ்சுது. மூணுன்னா மிகையா இருக்குமோன்னு..."

"ஒருத்தர் இவருன்னு நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள் அண்ணி. "இன்னொருத்தர் யாரு வீட்டு ஆம்பளையோன்னு, இங்க நின்ன ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பாத்துட்டு நின்னேன்."