அச்சில் நின்ற பொட்டு

என் வீட்டுக்காரருக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் வைத்தியர்கள் நோயாளியின் வாயில் பசை வைத்து அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அளவில் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் நட்டு, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் இவர் பல்லில்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பேருக்கு இன்னும் வயதாகவில்லை.

நானும் அவருக்கு வாடிக்கையாகத்தான் வந்து சேர்ந்தேன். எனக்குக் கீழ் வரிசையில் இரண்டு பல் பிறவியிலேயே முளைக்கவில்லை. மேலே ஒன்று ஆணி மாதிரிக் கூராக இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்று அந்த இரண்டைச் செய்துகொள்ளப் போனேன். அளவு சரியாக விழவில்லை என்று சொல்லி மூன்று முறை கடைக்கே வரவழைத்தார். முதல் அளவே கச்சிதமாக விழுந்திருந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குச் சிரித்தேன். இந்த மனுஷன் அச்சை வைத்துக்கொண்டு பொய் சொல்லக்கூடியவர் என்று அப்போதே மனதில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பையனுக்கு ஒரு வயது ஆகியும் பல் வரவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பதுபோல, பல் செட்டுக்காரர் பிள்ளை பொக்கை என்று தெருவே கிண்டல் செய்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்து, அவனைப் பொக்கை என்றே கூப்பிட ஆரம்பித்தார். வைத்த பெயர் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று. பொக்கை என்றால் போதும், எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்து ஈறு தெரியச் சிரிப்பான். தலைமுடியும் எண்ணிவிடலாம் போலத்தான் இருந்தது. எல்லாம் தாமதமாக வரும், தாமதமாக முளைக்கிற பல்தான் கெட்டி என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். இலவசமாகக் கிடைக்கிற சமாதானத்தை யார் வேண்டாம் என்பார்கள்? நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

தடுப்பூசி போடுகிற இடத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பதினைந்து மாதம் வரை பார்ப்போம், அதற்குள் ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை என்றால் எக்ஸ்ரே படம் எடுத்துவிடலாம் என்று தேதி எழுதிக் கொடுத்தார். அந்தத் தேதி வரைக்கும் இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு தேக்கரண்டியை வெட்டி வளைத்து, பையன் வாய் அளவுக்கு ஒரு தட்டு செய்தார். மாதம் ஒருமுறை அதில் பசையை வைத்து அவன் ஈறை அளவெடுப்பார். அவன் அழுது முடிப்பதற்குள் பசை இறுகிவிடும். கடை அலமாரியில், கிழவர்களின் தாடைகளுக்கு நடுவே, பொக்கையின் ஈறு அச்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் தடவிப் பார்ப்பார். எல்லாம் வழவழவென்றுதான் இருந்தன.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு முதல் நாள் மத்தியானம் அவர் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். கையில் அந்த மாதத்து அச்சு. கீழ் ஈறில், வலப்பக்கம், கடுகளவு ஒரு பொட்டு தூக்கிக்கொண்டு நின்றது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். பல்லே வந்துவிட்டது, இனிப் படம் எதற்கு? மறுநாள் நாங்கள் போகவில்லை.

என் வேலையைச் சொல்லவில்லையே. ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கிற லாண்டரியில் இஸ்திரி அறையில் இருந்தேன். விரிப்பும் தலையணை உறையும் மலைமலையாக வரும். நீராவி இஸ்திரி நாலு எந்நேரமும் புஸ்ஸென்று மூச்சு விடும். வெயில் காலத்தில் உள்ளே நுழைந்த பத்தாவது நிமிடம் முதுகு நனைந்துவிடும். பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் துணிக்கூடை ஒன்றைக் காலி செய்து, பழைய விரிப்பை மெத்தையாகப் போட்டு, என் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

எங்களுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டும். அவனுக்கு மட்டும் ஒரு பொட்டு வேர்வை வராது. உடம்பு உலர்ந்து, மடித்து வைத்த துணி மாதிரி இருக்கும். எனக்கு அதில் அப்படியொரு பெருமை. எல்லோரிடமும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். என் எதிரில் நின்று விரிப்பு மடிக்கிற அக்காவை மடிப்பக்கா என்போம். அவர்கூட, இந்த அடுப்புக்குள்ளேயே வேர்க்காத பிள்ளைக்கு வெளியே எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது என்றார்.

ஆனால் மத்தியானத்தில் காய்ச்சல் வரும். உடம்பு கொதிக்கும், கண் சொருகும், கூடையிலேயே துவண்டு கிடப்பான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினால் குறைந்துவிடும். அந்தப் பொட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

"பல்லுக் காய்ச்சல்டி. சூடு ஏற ஏறத்தான் பல்லு ஈறைக் கிழிச்சுக்கிட்டு வரும். சந்தோஷப்படு," என்றார் மடிப்பக்கா.

நான் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை கொதித்துக்கொண்டு கிடந்தான், நான் சந்தோஷமாக இருந்தேன். காய்ச்சல் வந்த நாளெல்லாம் விரலைக் கழுவிவிட்டு அவன் ஈறைத் தடவிப் பார்ப்பேன். அச்சில் தட்டுப்பட்ட இடம் வாயில் தட்டுப்படவில்லை. இன்னும் ஆழத்தில் இருக்கும், இன்னும் நாலு காய்ச்சல் வந்தால் மேலே வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். குளிர்ந்த காற்று பட்டால் பல் உள்ளேயே நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவனுக்கு மேல் ஒரு போர்வையும் போட்டேன். வெயில் காலத்தில், இஸ்திரி அறையில், போர்வை.

இப்படி நாலு மாதம். அவருக்கும் காய்ச்சல் விஷயம் தெரியும். நான் சொன்னால் தலையாட்டுவார். அளவெடுப்பதை மட்டும் அந்தப் பொட்டுக்குப் பிறகு நிறுத்திவிட்டார். பல்தான் வந்துவிட்டதே, பிள்ளையை எதற்கு அழவைக்க வேண்டும் என்றார். நானும் எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

அவனுக்குப் பத்தொன்பது மாதம் ஆனபோது ஒரு மத்தியானம் கூடை ஆட ஆரம்பித்தது. விளையாடுகிறான் என்று நினைத்து இரண்டு உறைகளை இஸ்திரி போட்டுவிட்டுத்தான் திரும்பினேன். கண் மேலே போய், கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. மடிப்பக்காதான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அந்த இழுப்பை நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றாம் நாள் கண் திறந்து பார்த்தான். அன்றைக்கு அங்கிருந்த வேறொரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். முடி, தோல், பல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவனுக்கு வேர்க்குமா என்றார்.

"வேர்க்கவே வேர்க்காது டாக்டர்," என்றேன். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே பெருமை, அந்த இடத்திலும் குரலில் வந்துவிட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை வாயைத் திறக்கச் சொன்னார். என் இரண்டு பல்லையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காட்டினேன். எப்போது பிடுங்கினார்கள் என்று கேட்டார். பிடுங்கவில்லை, முளைக்கவே இல்லை என்றேன். மறுபடி பேனாவை எடுத்து எழுதினார்.

நாலு மாதத்துக்கு முன் எடுத்திருக்க வேண்டிய படத்தை அன்று எடுத்தார்கள். இவருக்கு அந்தப் படங்கள் பழக்கம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் படத்தில் ஈறுக்குள் பால் பல் வரிசையாகக் காத்திருக்கும் என்று எனக்கு அவரே முன்பு காட்டியிருக்கிறார். இதில் மேலேயும் எலும்பு, கீழேயும் எலும்பு. அவ்வளவுதான்.

"முளைக்கிறதுக்கு உள்ளே ஒண்ணுமே இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "பால் பல்லும் கிடையாது, அப்புறம் வர்ற பல்லும் கிடையாது. வேர்வைச் சுரப்பியும் அப்படித்தான். உடம்புச் சூட்டை அவனால வெளியே தள்ள முடியாது. அது பல்லுக் காய்ச்சல் இல்ல. சூடு."

இது தாய் வழியில் வருவது என்றும், என்னிடம் லேசாக இருந்தது மகனிடம் முழுசாக வந்துவிட்டது என்றும் பொறுமையாகவே சொன்னார். பதினைந்து மாதத்தில் வந்திருந்தால் வெயிலிலிருந்து தள்ளியாவது வைத்திருக்கலாம் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தோம். பையனை விசிறிக்கடியில் போட்டுவிட்டு, வீட்டை ஒட்டியிருக்கும் கடைக்குள் போய் அந்த அச்சை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் தொழில் எனக்கும் ஓரளவு தெரியும். பசை கலக்கும்போது காற்று மாட்டிக்கொண்டால் அளவில் ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் போய் அச்சில் பொட்டாக நிற்கும். தினமும் பத்து அச்சிலாவது இவர் கத்தி முனையால் அதைத் தட்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"இது காத்துன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ விரலை எடுத்ததும் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். வேற யாரு அச்சா இருந்தாலும் பார்த்த உடனே தட்டியிருப்பேன்." அச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ சிரிச்சே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். என் பல்லுக்கு மூன்று முறை அளவெடுத்த கதையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் இழுத்தேன். அவர் பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை, போர்வை, என்று சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். சொல்லவில்லை. கடைசியில் நானே கத்தியை எடுத்து அந்தப் பொட்டைத் தட்டினேன். லேசாகத்தான் தட்டினேன், எங்கே போய் விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

இழுப்பு வருவதற்கு முன் அவன் 'அப்பா', 'தா' என்று இரண்டு வார்த்தை பேசுவான். இப்போது அதுவும் இல்லை. வருமா என்று கேட்டால் டாக்டரம்மா, பார்க்கலாம் என்கிறார். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். இவனுக்குப் பல் வராமலே சொல் போய்விட்டது. பொக்கை என்று கூப்பிடக் கூடாது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதே இல்லை. பொக்கை என்றால்தான் திரும்புகிறான். அதனால் மறுபடியும் அப்படியே கூப்பிடுகிறோம்.

லாண்டரி வேலையை விட்டுவிட்டேன். மூன்று வயதானதும் செட் வைக்கலாம், வளர வளர மாற்ற வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு சின்னப் பல் வாங்கக் கிடைக்காது. இருப்பதிலேயே சின்னதை எடுத்து இவர் இப்போதே தேய்த்துப் பழகுகிறார். பையன் அதை வாயில் வைத்துக்கொள்வானா, துப்பிவிடுவானா என்பதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

நேற்று மத்தியானம் வீட்டிலேயே அவனுக்கு உடம்பு சுட்டது. என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். சட்டையை நனைக்க வேண்டும், விசிறியைப் பக்கத்தில் இழுக்க வேண்டும். வாளியில் துணி நனைந்துதான் கிடந்தது. ஆனால் என் விரல் முதலில் அவன் வாய்க்குள் போயிருந்தது. கீழ் ஈறு, வலப்பக்கம். என்ன செய்கிறோம் என்று உறைத்ததும் வெடுக்கென்று எடுத்தேன். நிமிர்ந்தால் வாசல்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படத்தை என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

"ஏதாவது தட்டுப்படுதா?" என்று கேட்டார்.