நூலகருக்கு ஒரு கொண்டை

எங்கள் நூலகர் மஞ்சுவைப் பார்த்தால் நூலகர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சுடிதார், காலில் விளையாட்டுக்காரர்கள் போடும் ஷூ, போதாக்குறைக்கு மொட்டைத்தலை. நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்குகிற வேலைக்குப் புடவை சரிப்படாது என்பாள். மொட்டையின் கதை வேறு. நூலகக் கூரை வருஷக்கணக்காக ஒழுகியது. கோட்டை மலைமேல் வானம் கறுத்தாலே, பேப்பர் படிக்க வரும் நாங்கள் பேப்பரை மடித்துவிட்டு வாளி தேடுவோம். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன மஞ்சு, கூரை சரியானால் முடி தருகிறேன் என்று மேல்மலையனூர் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டாள். அதிகாரிகளுக்கு அம்மன் எவ்வளவோ தேவலை. கூரை வந்தது, இடுப்புவரை தொங்கிய கூந்தல் போனது.

இந்த வருஷம் நூலக வார விழாவில் அவளுக்குச் சிறந்த நூலகர் விருது என்று முடிவானது. வேலைக்கு வந்ததிலிருந்து அவளைத் தேடி வந்த முதல் மரியாதை. சால்வையோடு ஒரு போட்டோ எடுத்து சிங்கவரத்தில் இருக்கும் நைனாவுக்கு அனுப்ப வேண்டும் என்று வெட்கத்தை விட்டு எங்களிடம் சொன்னாள்.

வாசகர் வட்டத் தலைவர் ஆனந்தராஜ் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நூலகர் என்றால் பருத்திப் புடவை, கண்ணாடி, கொண்டை, உதட்டில் ஒரு விரல் என்பது அவர் கணக்கு. விழா அன்று காலையில் தம் மனைவியின் புடவையையும் பழைய கண்ணாடியையும் கொண்டுவந்தார். நாடகக்காரர்களிடம் கேட்டு ஒரு சவுரியும் வாங்கியிருந்தார்.

"சவுரிய எதுல சார் முடியறது?" என்றாள் மஞ்சு.

அவருக்குச் சுருக்கென்றது. மேடைக்குக் கூப்பிடும்வரை பின்னால் போய் டீயைக் கவனி என்று சொல்லிவிட்டார்.

அன்று அமாவாசையும்கூட. மேல்மலையனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாகம்மாள் என்கிற வல்லத்து அம்மாள், மழைக்கு உள்ளே ஒதுங்கி, காலியாக இருந்த முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பருத்திப் புடவை, நரைத்த கொண்டை, கண் ஆபரேஷன் முகாமில் கொடுத்த கண்ணாடி. அவசரமாக வந்த சிறப்பு விருந்தினர் இப்படியும் அப்படியும் பார்த்தார். நேராக அந்த அம்மாளிடம் போய்ச் சால்வையைப் போர்த்தினார்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது சாமி" என்று பதறினார் நாகம்மாள்.

கடலளவு படித்தவர்களுக்குத்தான் இந்த அடக்கம் வரும் என்றார் விருந்தினர். பார்த்தவுடனே நூலகர் என்று தெரிகிறதே என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். டீத் தட்டோடு முன்னால் வந்த மஞ்சுவைப் பார்த்து ஆனந்தராஜ் உதட்டில் விரலை வைத்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் போட்டோ எடுத்தாயிற்று, காரும் கிளம்பிவிட்டது.

மழை விடவில்லை. கண் கலங்கிப்போய்த்தான் மஞ்சு அந்த அம்மாளுக்கு டீ கொடுத்தாள். நாகம்மாள் அவள் தலையையே பார்த்தார்.

"ஆத்தாவுக்கா குடுத்த? இன்னாத்துக்கும்மா?"

மஞ்சு மேலே கையைக் காட்டினாள். அத்தனை மழைக்கும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நாகம்மாள் கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, சால்வையை உருவி மஞ்சுவின் தோளில் போட்டார்.

"அப்ப இது உனுக்குத்தான். எனுக்குப் பஸ்ஸு வந்துடுச்சி."

மறுநாள் பேப்பரில் நாகம்மாள் படம், அதன் கீழே மஞ்சுவின் பெயர். நூலகர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பூரித்த ஆனந்தராஜ், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். மஞ்சுதான் ஏணியில் ஏறி மாட்டினாள், தோளில் அந்தச் சால்வையோடு. அவள் நைனாவுக்கு அனுப்ப, நான் கீழே நின்று செல்லில் ஒரு படம் எடுத்தேன். ஷூ, மொட்டை, சால்வை, மேலே கூரை, எல்லாமே படத்தில் விழுந்திருக்கிறது.