எட்டு வரி ஆறுதல்

மூன்றாவது அனுதாப அட்டையைப் பிரித்ததும் வெர்னா அதை உடனே மூடிவிட்டாள். வெள்ளை லில்லிப் பூவும் தங்க விளிம்புமாக, அவள் வேலை செய்யும் கம்பெனியே அச்சடித்து விற்ற அட்டை. உள்ளே இருந்த எட்டு வரிகளும் அவள் எழுதியவை. அட்டைகளுக்குக் கவிதை எழுதுவதுதான் ஒன்பது வருடமாக அவள் வேலை. இண்டியானாவின் அந்தச் சிறிய ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவள் வார்த்தைதான் தபாலில் போகும். இதை எழுதிய காலையில் அவள் யார் சாவையும் நினைக்கவில்லை. சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். 'தேவனின் தோட்டத்தில் ஒரு மொட்டு குறைந்தது' என்று தொடங்கும். அவரே இறங்கி வந்து அதைப் பறித்துக்கொண்டார் என்று முடியும்.

போலியோ பரவும் என்று ஊர் நீச்சல் குளத்தை மூடிவிட்ட கோடை அது. அவளுடைய மகள் டோரீன் அந்த நோயில் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அவள் கணவன் ஆர்லன் அந்த அட்டையைக் கையில் வாங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடியே படித்தான். ரயில்வே பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதன், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான்.

"இதோட மொத வரியத்தான் அவ கல்லறைக் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கேன். நீ எழுதுனதுன்னு சொன்னேன். கல்வெட்டுறவர் தொப்பியக் கழட்டிட்டார் தெரியுமா?"

"வேண்டாம் ஆர்லன். அது பொய்."

"என்னது பொய்?"

"தோட்டம், மொட்டு எல்லாம்தான். அவளுக்குப் பூவே பிடிக்காது. நான் வச்ச செடியெல்லாம் மிதிச்சுக்கிட்டு ஓடுவா. நீதானே திட்டுவே?"

அவன் அட்டையை மேசைமேல் வைத்தான். "வெர்னா, ராத்திரி கண்ண மூடுனா அவளுக்கு மூச்சு குடுத்த அந்த மெஷின் சத்தம்தான் கேக்குது. இந்த ஒரு வரியச் சொல்லிக்கிட்டுத்தான் படுக்கறேன். இதையும் புடுங்கிடாத."

வேறு வரி தருகிறேன், அதுவரை கல்லில் கைவைக்க வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மகளைப் பற்றி ஒரே ஒரு வரி. முதல் சொல்லை அடித்து முடிப்பதற்குள் அடுத்த வரிக்கான இயைபு, பழக்கிய நாய்போல வந்து காலடியில் உட்கார்ந்தது. தாளைக் கிழித்தாள். அடுத்த தாளிலும் வானம் வந்தது, தேவதை வந்தது, உறக்கம் வந்தது. ஒன்பது வருடம் ஊருக்காக எழுதி எழுதி, தனக்கென்று ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் போய்விட்டதா? மேலாளர் க்ரம்லி பின்னால் வந்து நின்றார். நல்ல மனிதர், இறுதிச் சடங்குக்கு வந்து கடைசிவரை நின்றவர்.

"வீட்டுக்குப் போம்மா. துக்கத்துல புதுசா எதுவும் சொல்லக்கூடாது. எல்லாரும் சொல்றதச் சொன்னாத்தான் மனசு தாங்கும்."

"எனக்குத் தாங்கலையே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு விடவைக்கும் இயந்திரத்தின் இரும்பு உருளைக்குள் கழுத்துவரை கிடந்த டோரீன், அது மூச்சை வெளியே தள்ளும்போது மட்டும்தான் பேசினாள். உள்ளே இழுக்கும்போது பாதி வார்த்தையில் நின்று, எரிச்சலோடு கூரையைப் பார்த்துக் காத்திருப்பாள். "அம்மா, அந்த மொட்டக் குதிர இருக்கில்ல, அது..." என்றாள் கடைசி மாலை. எந்தக் குதிரை என்று வெர்னாவுக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைத்துக்கொண்டிருந்தபோது விரல் தானாக அடித்தது: 'அவள் பேசி முடிக்கவில்லை.'

அதற்கு இயைபு எதுவும் வரவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

மாலையில் வீட்டுக்கு வந்திருந்த பாஸ்டர் எல்ட்ரிட்ஜ் அந்த வரியைப் படித்துவிட்டு, தாளை மெதுவாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"சர்ச் கல்லறைம்மா இது. ஞாயித்துக்கெழம நாலு தாய்மார் வருவாங்க. அவங்க பிள்ளைங்களும் அங்கதான் கிடக்குது. இதப் படிச்சா அவங்க என்ன ஆவாங்க?"

"நான் என்ன ஆவேன்னு ஒருத்தரும் கேக்கலையே பாஸ்டர்."

ஆர்லன் சட்டென்று எழுந்தான். "அவ நிம்மதியாப் போனான்னு ஊரே சொல்லுது. பெத்தவ நீ, இல்லன்னு கல்லுல வெட்டணுமா? உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு வெர்னா."

"அவ நிம்மதியாப் போகல. நீயும் பக்கத்துலதான் நின்னே."

அவன் கதவை அறைந்துவிட்டு வெளியே போனான்.

காலையில் அவள் கல்வெட்டும் பட்டறைக்கு ஓடினாள். உளிச்சத்தம் தெருவிலேயே கேட்டது. 'தேவனின் தோட்டத்தில்' வரை வெட்டியாகிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் கிழவர் உளியை எடுத்துவிட்டார்.

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்காரர்தான் வந்து, சீக்கிரம் முடிங்கன்னார்."

"மிச்சத்த வெட்டாதீங்க."

"பாதியில விட்ட கல்ல நான் என்ன பண்றது? நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தால் வெட்டிவிடுவார் என்று பட்டது. இரண்டு மரக்கட்டைகளின்மேல் படுக்கவைத்திருந்த அந்தக் கல்லின்மேல் வெர்னா ஏறி உட்கார்ந்தாள். துக்கத்துக்கு வாங்கிய கருப்புப் பாவாடை எழுத்துகளை மூடிக்கொண்டது. தெருவில் போன கார் ஒன்று வேகம் குறைத்தது. உள்ளிருந்து இரண்டு பெண் முகங்கள் பார்த்தன. அதில் ஒருத்தி லில்லி அட்டை அனுப்பியவள். வெர்னா முகத்தைத் திருப்பவில்லை.

ஆர்லன் ரயில்வே பட்டறை உடுப்போடு வந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"எறங்கு வெர்னா. ஊரே பாக்குது."

"மாட்டேன்."

"எவ்வளவு நேரம் உக்காந்திருப்பே?"

அவள் இரண்டு கையாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் தோளைத் தொட வந்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டான். பிறகு, இன்னும் எதுவும் வெட்டப்படாத பக்கமாக, கல்லின் மறுமுனையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வெயில் ஏறியது. காற்று அடித்தபோது கல்தூள் கிளம்பி அவள் பாவாடையிலும் அவன் முதுகிலும் வெள்ளையாகப் படிந்தது. இருவரும் அதைத் தட்டிவிடவில்லை.